சாட்சி சொன்ன வன்னி: சீமைக் கருவேலிலிருந்து அதைப் பிரித்தறிவது எவ்வாறு?

விஜயதசமி நாளின் மாலைப்பொழுதில் தமிழகத்துத் திருக்கோயில்கள் பலவற்றில் அம்பு விடும் திருவிழா சிறப்புற நடைபெறுகிறது. இறைவனோ அம்பிகையோ குதிரை வாகனத்தில் எழுந்தருள, வன்னிமரத்தின் முன்போ நட்டுவைத்த வன்னிக் கிளையின் முன்போ பூசனை செய்து, திசைதோறும் அம்புகள் எய்வர். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் இவ்விழாவை மகர்நோன்பு என்றே பெரியோர் குறிப்பர். அஞ்ஞாதவாசத்தின்போது பாண்டவர் தம் படைக்கலங்களை மறைத்து வைத்ததும், விராட நகரப் போரில் அர்ச்சுனன் தன் வில்லைத் திரும்ப எடுத்ததும் வன்னிமரத்திலிருந்துதான் என்று மகாபாரதம் கூறுகிறது. வெற்றித் திருநாளில் வன்னி வழிபடப்படுவதற்கு அதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது.

வன்னி இலை பூசைக்கு வேண்டும் என்றால், அதைக் கொண்டுவருபவர் வன்னியை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் வழியிலுள்ள காரியாபட்டியும், சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பதிகம் பெற்றதும் 1879ஆம் ஆண்டு பகவான் ரமண மகரிஷி அவதரித்ததுமான திருச்சுழியும் அமைந்த வட்டாரம் வானம் பார்த்த பூமி. கரிசல் காடுகளும், மழைக்காலத்தில் மட்டும் நிறையும் கண்மாய்களும், பெரும்பாலான நாள்களில் மணலாகவே கிடக்கும் குண்டாறும் கொண்ட இந்நிலம் வன்னி இயல்பாக வளரும் தன்மையுடையது. எனினும் இன்று அங்கே சாலையின் இருமருங்கிலும், தரிசுகளிலும், கண்மாய்களின் உட்பகுதியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்படுவது சீமைக் கருவேல்.

இரண்டும் முள் மரங்கள். இரண்டின் இலையும் சிறு சிறு இலைகளாகப் பிரிந்தது. இரண்டும் மஞ்சள் சாயலுடைய கதிர்போன்ற பூவைத் தருவன. சாயலின் இந்த ஒற்றுமையால் இருவகைப் பிழைகள் நேரக்கூடும். வன்னி என்று எண்ணிச் சீமைக் கருவேலின் தழையைச் சுவாமிக்குச் சாத்துவது ஒன்று. சீமைக் கருவேல் என்று எண்ணி வன்னியை வேரோடு வெட்டிவிடுவது மற்றொன்று. முதல் பிழையை இறைவன் பொறுத்தருளுவான். இரண்டாவது பிழையில் போவது பல தலைமுறை வளர்ந்த மரம்.

மதுரைக்கு வந்த சாட்சி

பரஞ்சோதி முனிவர் அருளிய திருவிளையாடற் புராணத்தின் அறுபத்து நான்காவது படலம், வன்னியும் கிணறும் இலிங்கமும் அழைத்த படலம். சொக்கநாதப் பெருமானின் திருவிளையாடல்களுள் நிறைவாக வைக்கப்பட்டது அது. சோழ நாட்டு வணிகன் ஒருவன் தன் மகளை மதுரையிலுள்ள மருமகனுக்கு மணம் செய்விக்க எண்ணியிருந்து, எண்ணம் நிறைவேறும் முன்னரே மறைந்தான். மருமகன் அங்குச் சென்று, உற்றார் முன்னிலையில் மணம் முடிக்கும் கருத்துடன் அப்பெண்ணை மதுரைக்கு அழைத்து வந்தான். வழியில் திருப்புறம்பயத்தில் இரவு தங்கியபோது அவனைப் பாம்பு தீண்டிற்று. அவள் அழுத அழுகுரல் அத்தலத்தில் எழுந்தருளியிருந்த திருஞானசம்பந்தப் பெருமானின் திருச்செவியில் விழுந்தது. அவருடைய அருளால் அவன் உயிர்பெற்று எழுந்தான். அங்கேயே மணம் செய்துகொள்ளுமாறு அவர் பணிக்க, அருகிலிருந்த வன்னிமரமும் கிணறும் சிவலிங்கமும் சாட்சியாகத் திருமணம் நடந்தது.

மதுரையில் அவனுக்கு முன்பே ஒரு மனைவி இருந்தாள். பிள்ளைகளுக்குள் எழுந்த சண்டை முற்றிய ஒரு நாளில் மூத்தவள், “உன் திருமணத்திற்குச் சாட்சி யார்?” என்று இளையவளை இழித்துரைத்தாள். வன்னியும் கிணறும் இலிங்கமும் என்று அவள் விடை சொல்ல, அவை இங்கு வந்து சொல்லட்டும் என்று மூத்தவள் நகைத்தாள். இளையவள் பொற்றாமரையில் நீராடிச் சோமசுந்தரப் பெருமானிடம் முறையிட்டாள். அவளுக்காக அம்மூன்றும் பெருமான் திருக்கோயிலின் வடகீழ்த் திசையில் வந்து தோன்றின என்பது புராணம். திருப்புறம்பயத்து இறைவன் சாட்சிநாதர் என்ற திருநாமம் கொண்டு விளங்குகிறார்.

ஆதரவற்ற ஒரு பெண்ணுக்காக வழக்குரைக்க வந்த மரம் வன்னி. மதுரையை அடுத்த காரியாபட்டி வட்டாரத்தில் அதே இனத்து மரம் ஒன்று அடையாளம் தெரியாமல் கோடரிக்கு இரையாகும் நிலை வருமானால், அதற்காகச் சாட்சி சொல்லவேண்டிய பொறுப்பு அடியார்களைச் சார்ந்ததாகும்.

பெயரில் நெருப்பு, நிறத்தில் நீறு

வன்னி என்னும் சொல்லுக்கே நெருப்பு என்று பொருள். வேள்விக்கு அரணி கடைந்து தீ உண்டாக்கும்போது, வன்னியின்மேல் முளைத்து வளர்ந்த அரச மரத்தின் கட்டையைக் கொள்வது வைதிக மரபு. வடமொழியில் இதன் பெயர் சமி. நவக்கிரக வேள்வியில் சனி பகவானுக்குரிய சமித்து வன்னி. விநாயக சதுர்த்தியன்று பிள்ளையாருக்குச் சாத்தும் இருபத்தோரு வகைப் பத்திரங்களுள் வன்னியும் ஒன்று. கொன்றை, எருக்கு, ஊமத்தை ஆகியவற்றோடு வன்னியையும் சடையில் சூடியவனாகச் சிவபெருமானைத் தேவாரம் போற்றுகிறது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் திருக்கோயிலிலும், திருவான்மியூர் மருந்தீஸ்வரர் திருக்கோயிலிலும் தலவிருட்சம் வன்னியே. விருத்தாசலத்தில் திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலைகளைக் கூலியாக அளிக்க, அவரவர் உழைப்புக்கேற்ப அவை பொற்காசுகளாக மாறின என்பது தலவரலாறு.

தாவரவியலார் இம்மரத்திற்கு இட்டிருக்கும் பெயர் புரோசாபிஸ் சினராரியா. சினராரியா என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சாம்பல் நிறமுடையது என்று பொருள். நெருப்பின் பெயர் கொண்ட மரத்தை நீற்றின் நிறத்தால் அவர்கள் குறித்திருக்கின்றனர். பழைய மருத்துவ நூல்களில் புரோசாபிஸ் ஸ்பைசிஜெரா என்று காணப்படுவதும் இதே மரம்தான். இந்தச் சாம்பல் நிறம் வன்னியை அறிந்துகொள்ள உதவும் முதல் அடையாளமும் ஆகும்.

கடல் கடந்து வந்த மரம்

சீமைக் கருவேலின் அறிவியற் பெயர் புரோசாபிஸ் ஜூலிஃப்ளோரா. கருவேல் என்ற சொல் தமிழ்ப் பெயரில் இருந்தாலும், இது நம் நாட்டுக் கருவேலின் இனத்தைச் சேர்ந்தது அன்று. வேலிக்காத்தான், சீமையுடை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று பலர் கூறினாலும், இதன் தாயகம் மத்திய அமெரிக்காவும், தென்னமெரிக்காவின் வடபகுதியும், கரீபியத் தீவுகளும் ஆகும். விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் நோக்கத்துடன் அன்றைய சென்னை மாகாணத்து வனத்துறை அதிகாரி பெடோம் என்பவர் இதன் விதைகளைத் தருவிக்க, 1877ஆம் ஆண்டு கடப்பைப் பகுதியில் இது பயிரிடப்பட்டது. பின்னர் வேலிக்காகவும் விறகுக்காகவும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களெங்கும் பரவிற்று.

இதன் இனிப்பான காய்களை ஆடும் மாடும் விரும்பித் தின்கின்றன. விதைகள் செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து, விழுந்த இடமெல்லாம் முளைக்கின்றன. வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. புதராக அடர்ந்த பின் அதனடியில் பிற செடிகள் தலையெடுப்பது அரிது. இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் விருதுநகர், இராமநாதபுரம் மாவட்டங்களில் எளிய குடும்பங்கள் பலவற்றிற்கு இந்த மரத்தின் விறகும், மூட்டம் போட்டு எடுக்கும் கரியுமே சோறு போட்டிருக்கின்றன. ஆகவே இம்மரத்தைப் பழிப்பதால் பயனில்லை. வன்னி எது, இது எது என்று தெளிவதே பயன்.

அறிவியலாரும் நெடுங்காலம் இவ்விரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தனர். 2022ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று அப்பேரினத்தைப் பிரித்து, சீமைக் கருவேலும் அதன் அமெரிக்க உறவினங்களும் நெல்டுமா என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தவை என்று வகுத்தது. புரோசாபிஸ் என்ற பழைய பெயர் வன்னிக்கும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவற்றிற்கும் உரியதாக நின்றது. உற்றுப் பார்த்தால் ஒற்றுமையைவிட வேற்றுமையே மிகுதி என்பதற்கு இதுவும் சான்று.

முள் சொல்லும் உண்மை

இரண்டையும் பிரித்தறிய மிக உறுதியான அடையாளம் முள். சீமைக் கருவேலின் சிறுகிளையில் இலை தோன்றும் இடமாகிய கணுவைப் பார்க்க வேண்டும். அங்கே முட்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக நிற்கும். நேராக நீண்டு, சில சமயம் ஒரு விரற்கடைக்கும் மேலாக வளர்ந்திருக்கும். கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள பகுதி முள்ளின்றி வழவழப்பாக இருக்கும். கிளையும் கணுவுக்குக் கணு சற்றே திரும்பி, வளைந்து வளைந்து செல்லும்.

வன்னியில் இது தலைகீழ். அதன் முட்கள் சிறியவை. அடிப்பகுதி அகன்று நுனி கூர்ந்து, சிறு கூம்பு போன்றவை. அவை கணுவில் இணையாக நில்லாமல், கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். கண்பார்வை மங்கிய முதியோரும், சிறுகிளையொன்றை எச்சரிக்கையாகப் பிடித்து விரல் நுனியால் மெல்லத் தடவினால் இவ்வேறுபாட்டை உணரலாம். சீமைக் கருவேலின் முள் ஆழமாகக் குத்தினால் புண்ணாகிச் சீழ் பிடிக்கக்கூடும். ஆதலால் இளையோர் ஒருவர் உடனிருந்து கிளையைப் பிடித்துக் காட்டுவது நலம்.

சீமைக் கருவேலில் முள்ளற்ற கிளைகளும் உண்டு. எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல் அடிமரத்தையும் நோக்க வேண்டும். முதிர்ந்த வன்னியின் பட்டை சாம்பல் நிறமாய், சொரசொரப்பாய், நெடுக ஆழ்ந்த பிளவுகளோடு காணப்படும். அடிமரம் பெரும்பாலும் ஒன்றாக எழுந்து, மேலே மெல்லிய கிளைகள் தாழ்ந்து தொங்கும். சீமைக் கருவேலோ அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைத்துப் புதர்போல விரிவது வழக்கம். வன்னியின் கிளைகளிலும் பூங்கதிர்களிலும் பூச்சிகளால் உண்டாகும் உருண்டையான முண்டுகள் பல இடங்களில் காணப்படுவதுண்டு. அவற்றைக் காய் என்று கருதிவிடலாகாது.

இலையும் பூவும் காயும்

பூசைக்கு எடுத்துச் செல்வது இலை. ஆனால் இரண்டையும் பிரித்தறிய இலையே மிகக் குறைவாக உதவுகிறது. இரண்டிலும் இலைக்காம்பின் நுனியில் ஒன்று முதல் மூன்று இணை வரையிலான சிறகுகள் பிரிகின்றன. அச்சிறகுகளில் வன்னிக்கு ஏழு முதல் பதினான்கு இணை வரை சிற்றிலைகள் இருக்கும். அவை நீறு பூத்தாற்போன்ற மங்கிய பச்சை நிறமுடையவை. சீமைக் கருவேலின் சிற்றிலைகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் மிகுந்தும், நீண்டும், பச்சை அடர்ந்தும் இருக்கும். எனினும் மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப இவ்வளவுகள் மாறுவதால், உதிர்த்த தழையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எதுவென்று முடிவு செய்வது கடினம். விழாக்காலத்தில் வன்னித் தழையை வாங்குவோர், சிறு கிளையோடு கூடியதாகக் கேட்டு வாங்கினால் முள்ளைப் பார்த்துத் தெளியலாம்.

வன்னி பெரும்பாலும் மார்கழி தொடங்கிப் பங்குனி வரையில் பூக்கிறது. வெண்மஞ்சள் நிறத்தில் மெல்லிய கதிர்கள் தோன்றும். சித்திரை, வைகாசி மாதங்களில் காய்கள் முற்றிக் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அவை ஒல்லியாக நீண்டு, உருட்சியாக, விதைகளுக்கிடையே இலேசாக ஒடுங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூங்கதிர் பசுமஞ்சள் நிறமாய் நெருங்கிச் செறிந்தது. காய் தட்டையாகவும் தடித்தும், ஏறத்தாழச் சுண்டுவிரல் அகலமும் வைக்கோல் நிறமும் கொண்டு, பெரும்பாலும் நுனி வளைந்திருக்கும்.

சீமைக் கருவேல் ஆண்டின் பெரும்பகுதியில் பூத்துக் காய்ப்பது. விஜயதசமி வரும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வன்னி பொதுவாகப் பூப்பதில்லை. ஆகவே அந்நாள்களில் பசுமஞ்சள் கதிர்களும் தட்டையான காய்களும் நிறைந்த மரம் ஒன்று எதிர்ப்பட்டால், அது சீமைக் கருவேலாகவே இருக்கும் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

விடத்தலையும் வேல மரங்களும்

இந்த வட்டாரத்தில் குழப்பம் தரக்கூடிய வேறு சில மரங்களும் உள்ளன. விடத்தலை அவற்றுள் ஒன்று. விடத்தேரை என்றும் அதை வழங்குவர். இதன் அறிவியற் பெயரிலுள்ள சினேரியா என்ற சொல்லும் சாம்பல் நிறத்தையே குறிக்கிறது. ஆனால் பூவைக் கண்டவர் ஒருநாளும் மயங்கார். தொங்கும் கதிரின் மேற்பாதி இளஞ்சிவப்பாகவும், கீழ்ப்பாதி மஞ்சளாகவும் இருநிறம் காட்டும். இதன் இலையில் சிறகுகள் பல இணைகளாக நெருங்கி இறகுபோல நுண்ணியதாக இருக்கும். குட்டையான பக்கக் கிளைகளின் நுனியே முள்ளாக முடியும். காய்கள் முறுக்கிச் சுருண்டு கொத்தாகத் திரண்டிருக்கும்.

வேல மரங்களைப் பிரிப்பது இன்னும் எளிது. கருவேல், வெள்வேல், குடைவிரித்தாற்போல் நிற்கும் உடை ஆகியவற்றின் பூக்கள் சிறு பந்துபோல் உருண்டிருக்கும். கருவேலுக்கு மஞ்சள் பந்து, வெள்வேலுக்கும் உடைக்கும் வெண்மை சார்ந்த பந்து. வன்னிக்கும் சீமைக் கருவேலுக்கும் பூ கதிர்போல் நீண்டது. செங்கருங்காலி போன்ற ஒருசில மரங்கள் வேல இனத்தைச் சார்ந்திருந்தும் கதிர்ப்பூ தருவன. அவை நீங்கலாக, பந்தாயின் வேல், கதிராயின் வன்னியோ சீமைக் கருவேலோ என்று நினைவிற் கொள்வது போதும்.

கோடரி எடுக்கும் முன்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த ஆணையை ஒட்டித் தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலை அகற்றும் பணி முனைப்புடன் நடந்தது. அதன் பின்னரும் கண்மாய் தூர்வாரும்போதும், கோயில் நிலங்களைச் சீர்செய்யும்போதும் இப்பணி ஆங்காங்கே தொடர்கிறது. பெரிய இயந்திரம் ஒன்று புதரைப் பெயர்க்கத் தொடங்கினால், அதனிடையே நிற்கும் வன்னியைத் தனியே காண அதற்குக் கண் இல்லை. ஓட்டுபவர் வெளியூரிலிருந்து வந்த இளைஞராக இருக்கலாம். அவருக்கு எல்லாம் முள் மரமே.

ஆகவே வேலை தொடங்குவதற்கு முதல் நாளே, மரமறிந்த பெரியவர்கள் இருவர் அவ்விடத்தைச் சுற்றிவந்து முள்ளையும் பட்டையையும் நோக்கி, வன்னி எனத் தெரிந்த மரங்களில் மஞ்சள் துணி ஒன்றைக் கட்டிவைப்பது நன்று. மஞ்சள் துணி கட்டிய மரத்தை வெட்டத் தமிழ்நாட்டில் எவரும் தயங்குவர். விடத்தலை, வெள்வேல், உடை போன்ற நாட்டு மரங்களுக்கும் இதே பாதுகாப்பை அளிக்கலாம்.

வன்னிக்காக உயிரையே ஈந்தவர்களும் இந்நாட்டில் உண்டு. இராஜஸ்தானத்தில் வன்னியைக் கேஜ்ரி என்று வழங்குவர். 1730ஆம் ஆண்டு ஜோத்பூர் மன்னரின் ஆள்கள் கேஜர்லி என்னும் ஊரில் இம்மரங்களை வெட்ட வந்தபோது, அமிர்தா தேவி என்ற பிஷ்னோய் சமயப் பெண்மணி மரத்தைத் தழுவி நின்று தடுத்து உயிர் நீத்தார். அவரையும் சேர்த்து 363 பேர் அங்கே உயிர் துறந்தனர் என்று அச்சமயத்தார் இன்றும் நினைவு கூர்ந்து வணங்குகின்றனர். கேஜ்ரி இன்று இராஜஸ்தானின் மாநில மரம். வயலின் நடுவே நின்றாலும் ஆழ வேரூன்றிப் பயிருக்கு ஊறு செய்யாமல், கோடையிலும் பசுந்தழை தந்து கால்நடைகளைக் காப்பதால் அங்குள்ள உழவர் அதனை வெட்டுவதில்லை.

ஒரு மரம் போனால் ஒரு மரம்

வன்னி மெதுவாக வளரும் மரம். இன்று நடுபவர் அதன் நிழலில் அமரும் வாய்ப்பைப் பெறாமற் போகலாம். பெயரன் பெயர்த்தியர் பெறுவர். கோடையில் முற்றி உதிரும் காய்களைச் சேகரித்து விதைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். விதையின் மேல்தோல் கடினமானது. ஆதலால் கொதிக்க வைத்து இறக்கிய நீரில் இட்டு, அந்நீர் ஆறியபின் அதிலேயே ஓர் இரவு ஊறவைத்து விதைப்பது வழக்கம். வேர் விரைந்து ஆழமாக இறங்கும் இயல்புடையது என்பதால், ஆழமான பையில் வளர்த்து மழைக்காலத் தொடக்கத்தில் நடுவது ஏற்றது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆடுகள் கடிக்காதபடி முள்வேலி இடவேண்டும். அவ்வேலிக்குச் சீமைக் கருவேலின் முள்ளே பயன்படட்டும்.

கண்மாய்க் கரையிலுள்ள ஐயனார் கோயில், ஊர்ப் பிள்ளையார் கோயில், குலதெய்வக் கோயில் ஆகியவற்றின் வெளிப்புறத்தில் ஒரு வன்னியாவது இருக்குமாறு செய்வது, விஜயதசமிக்கு அம்பு விட மட்டுமன்றி, சனிக்கிழமைதோறும் வலம்வந்து வழிபடவும் உதவும். அதைவிட முதன்மையானது, அம்மரத்தின் அருகே பிள்ளைகளை அழைத்துச் சென்று, கணுவிடை முள்ளையும் நீறு பூத்த பட்டையையும் தொட்டுக் காட்டி, இதுதான் வன்னி என்று பெரியோர் தம் வாயால் சொல்லிவைப்பது. அவ்வாறு அறிந்த பிள்ளை வளர்ந்த பிறகு, வன்னியின் முன் கோடரியோடு எவர் வந்து நின்றாலும் அதற்காகச் சாட்சி சொல்லும்.